விமலா சொல்ல மறுத்த பெயர்

விமலா இறந்துவிட்டாள் என்று அவள் தம்பி போனில் சொன்னபோது நான் மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் கீரை பார்த்துக்கொண்டிருந்தேன். மாரடைப்பு. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். கையில் எடுத்ததை அங்கேயே வைத்துவிட்டு அல்சூருக்கு ஆட்டோ பிடித்தேன். எங்களுக்குள் வாடி, போடி என்றுதான் பேச்சு. இங்கேயும் அவள் என்றே எழுதுகிறேன். அவளை அறிந்த நீங்கள் தவறாக நினைக்க மாட்டீர்கள்.

இரண்டாயிரங்களின் நடுவில், அல்சூரில் ஓர் எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் நான் ஆலோசகராக இருந்தேன். கணினி வேலை முழுவதும் விமலாவுடையது. அங்கே வந்துபோவது வெளியே தெரிந்தாலே வேலை போய்விடும், வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்று மக்கள் பயந்த காலம். வந்தவர்களின் பதிவுகளை வாராவாரம் பென் டிரைவில் நகலெடுத்து மல்லேஸ்வரம் கிளையில் பத்திரப்படுத்துவது வழக்கம். பாஸ்வேர்டு இல்லாமல் ஓர் எழுத்தைக்கூட யாரும் படிக்க முடியாதபடி அந்த நகலைப் பூட்டும் முறையைக் கொண்டுவந்தவள் விமலா. அவசரத்துக்குத் திறக்க முடிவதில்லை என்று டாக்டர் சலித்துக்கொள்வார். "அது தொலையற சாமான் டாக்டர். தொலைஞ்ச பிறகு பூட்ட முடியாது" என்பாள்.

கடைசியில் தொலைத்தவளும் அவளே. மல்லேஸ்வரத்துக்கு ஆட்டோவில் போகும்போது, மழையில் அவசரமாக இறங்கியதில் பையிலிருந்து நழுவிவிட்டது. மறுநாள் காலை வந்தவள் உட்காரக்கூட இல்லை. எங்கள் எல்லோரையும் அழைத்துச் சொன்னாள். பூட்டியிருந்தாயா என்று கேட்டேன்.

"பூட்டினேன். ஆனா நடுவுல கரண்ட் போச்சு. மறுபடி முதல்லேர்ந்து எடுத்தேன். மொத தடவை எடுத்ததுல ஏதாவது பூட்டாம அதுலயே தங்கிடுச்சான்னு தெரியலடி."

அந்த மின்வெட்டைப் பற்றி அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்லாமலே இருந்திருக்கலாம். அன்று முழுவதும் வேறொரு டிரைவில் நகலெடுப்பதும், பாதியில் மின்சாரத்தைத் துண்டிப்பதும், எதுவும் மிஞ்சுகிறதா என்று பார்ப்பதுமாக இருந்தாள். ஒவ்வொரு முறையும் எதுவும் மிஞ்சவில்லை. ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை. "இது வேற டிரைவ்" என்றாள்.

அடுத்த நாள் மதியம் போன் வந்தது. டிரைவில் கட்டியிருந்த சீட்டில் எங்கள் எண் இருந்தது. டாக்டர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"உங்க டிரைவ் எங்கிட்ட இருக்கு. எல்லாப் பேரையும் பாத்துட்டேன்" என்றது ஓர் ஆண் குரல்.

விமலா குனிந்து, "பாத்திருந்தா அதுல ஒரு பேர் சொல்லுங்க" என்றாள்.

அந்தக் குரல் இறங்கியது. அவர்தான் அந்த ஆட்டோ டிரைவர். பிரவுசிங் சென்டரில் போட்டுப் பார்த்தாராம், பாஸ்வேர்டு கேட்டதாம். அவருடைய மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. பத்திரிகையும் அடித்தாயிற்று. மாப்பிள்ளைப் பையன் எங்கள் வாசலிலிருந்து வெளியே வந்ததை ஒருநாள் பார்த்துவிட்டார். பையனின் பெயரைச் சொல்லி, "நோய் இருக்கா, இல்லையா? அது போதும் மேடம். டிரைவைக் கொண்டாந்து குடுத்துடறேன்" என்றார்.

டாக்டர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். பதிவைப் பார்ப்போம், இல்லையென்றால் இல்லை என்று சொல்லி விஷயத்தை முடிப்போம் என்றார். எனக்கும் அந்த நிமிடம் அது சரியென்றே பட்டது. விமலா மறுத்துத் தலையசைத்தாள்.

"இவருகிட்ட இல்லைன்னு சொல்லிட்டா, நாளைக்கு இன்னொருத்தர் கேக்கும்போது நாம பேசாம இருந்தாலே ஆமான்னு அர்த்தமாயிடும் டாக்டர்."

போனை வாங்கி, பெயர் எதுவும் சொல்ல முடியாது, டிரைவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அந்த மனிதர் வெடித்தார். பெண்ணைப் பெற்றிருந்தால் அல்லவா தெரியும் என்றார்.

"எனக்கும் பொண்ணு இருக்கா அண்ணா. நானா இருந்தா அந்தப் பையனையே கேப்பேன். ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுக்கறோம். ரிசல்ட்டை அவங்க கையில குடுப்போம். உங்க கையில இல்ல."

போன் துண்டிக்கப்பட்டது. விமலா தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்தாள். "அவரு வராமப் போயிட்டா அந்தப் பொண்ணு கதி என்னடி?" என்று என்னிடம் கேட்டாள். அந்த வாரம் முழுவதும் வாசலில் ஆட்டோ நின்றாலே எழுந்துபோய்ப் பார்த்தாள்.

அவர் வந்தார். பின்னால் பையனும் பெண்ணும், ஒருவரையொருவர் பார்க்காமல். டிரைவை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவர்கள் இருவரும் என் அறைக்கு வந்தார்கள். விமலா டிரைவைக் கணினியில் செருகி, நெடுநேரம் பார்த்தாள். பூட்டாமல் எதுவும் தங்கியிருக்கவில்லை. அப்போதுதான் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போய், அந்த மனிதருக்கு ஒரு காபியைக் கொடுத்து, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் அவர்களோடு பேசி முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

அவளை எடுத்த அன்று, பழைய சகாக்களிடம் இதைச் சொன்னேன். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: அந்தக் கல்யாணம் நடந்ததா? அவள் மகளும் கேட்டாள். நடந்தது என்றாலும் நடக்கவில்லை என்றாலும், கேட்டவர்கள் அந்தப் பையனைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். நான் பதில் சொல்லவில்லை. மகள் என் முகத்தைப் பார்த்து, "அம்மாவும் இதே மாதிரிதான்" என்றாள். விமலாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அதுதான்.