குழலில் வைத்த பொட்டு

துவக்கு வெடிச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து வந்த சனத்தில் ஒருவன், வந்த ஊரில் காசு கொடுத்துத் துவக்கு வாங்கினால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் தெருவில் இருக்கிற நம் ஆட்கள் வாய்விட்டே சிரித்தார்கள். ஆனாலும் என் மனைவி சொன்னதற்குக் கிட்ட ஒருவரும் வரவில்லை.

"சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது எண்டுவினம். இந்தப் பூனை அடுப்பையே வாங்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள்ளை வைச்சிருக்கு."

நான் என்ன செய்ய? அந்த அடுப்பு அப்படி ஓர் அழகு. எட்டாம் நம்பர் இரட்டைக்குழல். இந்தத் துவக்குகளில் நம்பர் குறையக் குறைய வாய் பெருக்கும். இங்கே விவசாயிகள் வைத்திருக்கிற பன்னிரண்டாம் நம்பர், இதற்குப் பக்கத்தில் வைத்தால் ஊதுகுழல்தான். என் பெருவிரல் வாய்க்குள் தாராளமாகப் போய்வரும். தூக்கினால் அரிசி மூட்டை. எசெக்ஸ் சேற்றுக் கடலோரத்தில் தாரா, வாத்து சுடுகிறவர்களுக்காக நூறு வருடத்துக்கு முன்பே செய்தது. இரும்பையும் உருக்கையும் கயிறுபோல முறுக்கி அடித்த குழல்கள். அதனால் அவற்றின் பழுப்பு மேனி முழுக்க, தேத்தண்ணியில் பாலை விட்டுக் கலக்கமுன்னம் ஒரு சுழி ஓடுமே, அந்தச் சுழி.

இந்தப் பைத்தியத்தைத் தொற்றவைத்தவர் நான் வேலை செய்த பஸ் கராஜில் கூட இருந்த ஒரு வெள்ளைக்கார மெக்கானிக். பழைய பெரிய துவக்குகள் சேர்ப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எசெக்ஸில் ஒரு வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். குறிபார்த்துச் சுடக் களிமண் தட்டுகளை வானத்தில் எறிகிற இடம். அவருடைய எட்டாம் நம்பரை என் தோளில் வைத்துவிட்டு, "ஒரு குழலுக்கு மட்டும் தோட்டா போடு, மேட். ரெண்டும் சேர்ந்து வெடிச்சால் உன்னை லண்டனிலைதான் பொறுக்கவேணும்" என்றார். தட்டு பறந்தது. விசையை இழுத்தேன். அடிக்கவில்லை, பெரிய கை ஒன்று நெஞ்சில் வைத்துத் தள்ளியது போல இருந்தது. வெள்ளைப் புகை. வானத்தில் யாரோ கதவு சாத்தியது போல "தொம்" என்று ஒரு சத்தம்.

என் வாழ்க்கையில், எங்கேயிருந்து வருகிறது என்று தேடத் தேவையில்லாத முதல் வெடி அது. தட்டைத் தவிர ஒன்றும் சாகவில்லை. திரும்பிவரும்போது காரில் நான் அழுததை அவர் பார்த்தார். ரேடியோவைக் கொஞ்சம் கூட்டிவிட்டார். பொலிசில் அனுமதி எடுத்து, இரும்பு அலுமாரி பூட்டி, எனக்கென்று ஒன்று வாங்குமட்டும் எனக்கு நித்திரை இல்லை.

மனைவி ஒருநாளும் அந்த வயலுக்கு வரவில்லை. நவம்பரில் ஊரே வாணம் விடும்போது இவள் ரீவியை நிற்பாட்டிவிட்டு இருப்பாள். முதல் வெடி அவளுக்குப் பிரச்சினை இல்லை. இரண்டாவது எங்கே என்றுதான் காது கொடுப்பாள். இரண்டு குழல் உள்ள சாமான் வீட்டுக்குள் வந்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? "நாய் பெத்த தெங்கம்பழம். திங்கவும் தெரியாது, விடவும் மனமில்லை. வைச்சு உருட்டுங்கோ" என்பாள்.

இதற்குள் சட்டம் வேறு. அனுமதி என் பேரில்தான் இருக்கிறது. அலுமாரித் திறப்பு, அந்தச் சாவி, எங்கே இருக்கிறது என்று மனைவிக்குக்கூடத் தெரியக்கூடாது. என் சட்டைப்பையில் கிடக்கிற பஸ் ரிக்கற்றுக்கும் கணக்குத் தெரிந்த மனுசிக்கு இது பெரிய அவமானம். "கலியாணம் கட்டி இவ்வளவு காலத்திலை எனக்குத் தெரியாத ஒண்டு இந்த வீட்டிலை இருக்கு" என்று வருகிற போகிற சனத்துக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புத்தான். ஆனால் கொஞ்சம் குத்தும்.

ஒரு விஜயதசமிக்கு அவள் தையல் மெசின், கார், ரைஸ் குக்கர், மகளின் பழைய லப்ரொப் எல்லாவற்றுக்கும் சந்தனமும் பொட்டும் வைத்துக்கொண்டு வந்தாள். அலுமாரிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, அதையும் எடுங்கோ."

"உமக்கென்ன விசரே?"

"வீட்டிலை இருக்கிற சாமானெல்லாத்துக்கும் வைச்சிட்டு அதுக்கு மட்டும் வைக்காட்டி அது கோவிக்கும். அது கோவிச்சால் தாங்கேலுமே?"

நான் திறப்பு எடுக்கும்வரை அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். எந்த மேசை லாச்சி இழுபடுகிறது என்று காதில் விழக்கூடாதென்று உரத்த குரலில் தேவாரம் வேறு. துவக்கை மேசையில் வைத்தேன். தோட்டா இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். திறந்து காட்டச் சொன்னாள். இரண்டு குழலூடாகவும் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்த பிறகுதான் மோதிர விரலை நீட்டிக் குழலில் பொட்டு வைத்தாள். அவள் அதைத் தொட்டது அந்த ஒருமுறைதான்.

வைத்த பொட்டை அன்றே துடைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அடுத்த நாள் எண்ணெய்த் துணியால் துடைத்தேன். எலுமிச்சம்புளியில் ஊறின குங்குமம் அதற்குள் தன் வேலையைக் காட்டிவிட்டது. பழுப்பு நிறம் அரிபட்டு, சுழிகளுக்கு நடுவில் வட்டமாய் ஒரு வெளிறல்.

மெக்கானிக் நண்பர் குழலைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "ஐயோ, இவளுக்கு என்ன செய்தாய்?"

சொன்னேன்.

"கும்பிட்டதா? உன் மனுசியா? என் மனுசி என்னுடையதைத் திட்டினதைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை." பிறகு, முழுக்குழலையும் திரும்பப் பழுப்பாக்கினால் தடம் தெரியாது, விலையும் இறங்காது என்றார். பார்ப்போம் என்றேன். பார்க்கவே இல்லை.

பிறகு மகளுக்குக் கனடாவில் பிள்ளை பிறந்தது. மனைவி முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கிறமட்டும் என்று போனாள். பிறகு பல் முளைக்கிறமட்டும். பிறகு இரண்டாவதும் வந்தது. என்னையும் வரச்சொல்லி இருவரும் கேட்டார்கள். துவக்கைக் கொண்டுவரவும் வழி இருக்கிறதாம் என்று மெதுவாகச் சொல்லிப்பார்த்தேன். மகள் ஒரே சொல்லில் முடித்தாள்: "அப்பா வரலாம். அது வரேலாது. சின்னப்பிள்ளையள் இருக்கிற வீடு."

நியாயம்தான். நியாயமென்று தெரிந்துகொண்டே நான் இங்கே இருந்தேன். குளிர் போகட்டும் என்றேன், கோடை முடியட்டும் என்றேன். ஞாயிறுகளில் வயலுக்குப் போய் ஒரு குழலுக்கு மட்டும் தோட்டா போட்டுச் சுட்டுவிட்டு வந்து, ஒரு கோப்பை அரிசி போட்டுச் சோறு காய்ச்சினேன். ஆசை அறுபது நாள் என்று சொன்ன மகராசன் எட்டாம் நம்பர் பார்த்திருக்கமாட்டான். ஆனால் எண்ணெய்த் துணி அந்த வெளிறலுக்குக் கிட்ட வரும்போதெல்லாம் என் கை நின்றுவிடும். விரல் இங்கே, ஆள் அங்கே.

ஒருநாள் துடைத்துக்கொண்டிருக்கும்போதே நண்பருக்குப் போன் எடுத்து, இதை நீயே வாங்கிக்கொள் என்றேன்.

எங்கள் வீட்டிலேயே கைமாற்றினோம், இருவர் அனுமதிப் பத்திரத்திலும் எழுதி. "கடைசியாக ஒருமுறை சுடுகிறாயா? வயலுக்குப் போவோம்" என்றார். வேண்டாம் என்றேன். சுட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டேன். அவர் பெருவிரலால் அந்த வட்டத்தைத் தடவினார்.

"இதை எடுக்கவா, விடவா? இப்பவே சொல்லு. பிறகு அழாதே."

"விடு."

"அப்போ வருசா வருசம் வைக்கவேணுமா?"

"எண்ணெய் மட்டும் பூசு. கோவிக்காது."

கார் தெருமுனை திரும்புமட்டும் வாசலில் நின்றேன். உள்ளே வந்து, வெறும் அலுமாரியைப் பழக்கதோசத்தில் பூட்டினேன். பூட்டிவிட்டுக் கனடாவுக்கு எடுத்தேன்.

"இஞ்சாரும். அது போயிட்டுது."

பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"பொட்டு?"

"இருக்கு. அழிக்கமாட்டானாம்."

"நல்ல மனுசன்" என்றாள்.

"இனிச் சட்டப்படி உமக்குச் சொல்லலாம், திறப்பு எங்கை இருந்ததெண்டு. சொல்லட்டே?"

"வாயைப் பொத்துங்கோ!" என்று கத்தினாள். "இவ்வளவு காலம் பொறுத்தனான். போனிலை சொல்லிப்போட்டு அங்கையே இருக்கலாமெண்டு பாக்கிறியளோ? வந்து சொல்லுங்கோ."

போனை வைத்துவிட்டுத் திறப்பை எடுத்துப் பயணப் பைக்குள் போட்டேன். அது எங்கே இருந்தது என்று உங்களுக்கும் சொல்லமாட்டேன். முதலில் அவளுக்குச் சொல்லவேண்டும்.