மணியத்தின் பாட்டு நோட்டை எடுத்துவரப் போன பயணம்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து கிளம்ப வேண்டிய ஈப்போ பஸ், ஓட்டுநர் நிதானமாகப் பால் கலக்காத தே ஓ குடித்து முடித்த பிறகு எட்டரைக்குக் கிளம்பியது. டிக்கெட் எட்டு வெள்ளி, அதாவது எட்டு ரிங்கிட். தூரம் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மாற்றுச் சட்டைகள் ஒரு பையிலும், வெறும் காற்று இன்னொரு பையிலுமாக நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கையில் காம்பார் போகிற ஒரு அம்மாள். பசியாறியாச்சா என்று கேட்டார், பிறகு அந்தக் காலிப் பையை இரண்டு தடவை பார்த்துவிட்டு, என்ன எடுத்துவரப் போகிறீர்கள் என்றும் கேட்டுவிட்டார். ஒரு நோட்டுப் புத்தகம் என்றேன். அதற்கு இவ்வளவு பெரிய பையா என்றார்.

நடந்தது 1984இல். அந்த வாரம் மணியத்திடமிருந்து கடிதம் வந்திருந்தது. அவன் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. "மச்சான், ஞாயிற்றுக்கிழமை செமோர் பக்கம் நம்ம பழைய தோட்டத்துக் கோயில் விருந்துல வாசிக்கிறேன். வந்து கேட்டுட்டு, என் பாட்டு நோட்டை எடுத்துக்கிட்டுப் போயிடு. வீட்டுல இருந்தா எழுதத் தோணுது." இவ்வளவுதான் கடிதம். கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். பதின்மூன்று வருடமாகச் சொந்தப் பாட்டு எழுதி வருகிறவன், எழுதத் தோன்றுகிறதே என்று பயந்து நோட்டை வீட்டை விட்டு அனுப்புகிறான்.

தஞ்சோங் மாலிம் தாண்டும்வரை அவனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே ரப்பர் தோட்டம், தொழிலாளர் வீட்டு வரிசையான லயமும் ஒன்றே, நடுவில் மூன்று கதவுகள். 1971இல் அவன் அங்கே முதல் இசைக் குழுவை ஆரம்பித்தபோது எனக்கு எந்த வாத்தியமும் வராது என்பது இரண்டே நாளில் தெரிந்துபோனது. ஆனால் கையெழுத்து நன்றாக இருந்ததால் பாட்டு வரிகளைப் படியெடுக்கிற வேலை கிடைத்தது. வானொலியில் கேட்ட ஆங்கிலப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். அர்த்தம் எனக்கும் தெரியாது, பாடுகிறவனுக்கும் தெரியாது. கேட்கிறவர்கள் கவலைப்பட்டதும் இல்லை.

இரண்டாவது குழு ஈப்போ டவுனில். இரண்டு சீனப் பையன்கள், ஒரு மலாய்க்காரர், நடுவில் தோள்வரை முடி வளர்த்த மணியம். உரக்க உரக்க ராக் வாசித்தார்கள். மூன்றாவது குழு கமுந்திங்கில். தொழிற்சாலை ஆண்டு விருந்துகள், கல்யாணங்கள், ராணுவ முகாம் கொண்டாட்டங்கள் என்று ஓடியது. நான்காவதுதான் இப்போது இருப்பது. ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் அவனோடு ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் சேர்ந்தது. குழு மாற மாற அவன் தலைமுடி குறைந்துகொண்டே வந்ததே தவிர, எழுதுவது குறையவில்லை.

எழுதியவற்றில் ஒன்றையாவது மேடையில் முழுதாகப் பாடியிருக்கிறானா என்றால், இல்லை. அதற்குக் காரணம் அவன் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். எங்கள் பக்கத்து மேடைகளில் சீட்டு வழக்கம் உண்டு. நாள்காட்டித் தாளையோ சிகரெட் பெட்டி அட்டையையோ கிழித்து, இன்னாருக்காக இன்ன பாட்டு என்று எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். சீட்டில் வந்ததைக் குழு வாசித்தாக வேண்டும். முதல் குழுவின் இரண்டாவது கல்யாணத்தில், யாரும் கேட்காமலேயே மணியம் தன் பாட்டு ஒன்றைத் தொடங்கினான். பாதியில் மாப்பிள்ளையின் பெரியப்பா மேடையருகே வந்து, மிக மரியாதையாக, "தம்பி, பாட்டு எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு எடுத்த முடிவுதான்: சீட்டில் யாராவது கேட்டால் மட்டுமே சொந்தப் பாட்டு. பதின்மூன்று வருடம், நான்கு குழு, எத்தனையோ மேடை. ஒருவரும் கேட்கவில்லை.

பிற்பகல் ஒரு மணிக்கு ஈப்போ. பஸ் நின்றதும் முதலில் கண்ணில் படுவது, ஊரைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள்தான். ஜெலாப்பாங்குக்கு டாக்சி நாலு வெள்ளி என்றார் ஓட்டுநர். மணியம் வீடு என்று சொன்னதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. "அந்த முடிக்காரரு தானே? முன்ன டவுன்ல இங்கிலீஷ் பாட்டு என்னமா அடிப்பாரு லா. இப்பல்லாம் கல்யாணத்துல பாக்கறேன்." பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "நீங்க அவரு தம்பியா?" என்றார். மணியம் என்னைவிட ஆறு மாதம் சின்னவன். ஆனாலும் மறுக்கவில்லை, வயது குறைவாகத் தெரிவதை யார் மறுப்பார்கள்?

வீட்டில் மணியத்தின் மனைவி லெட்சுமிதான் இருந்தார். அவன் மாலை ஷிஃப்ட் முடிந்துதான் வருவான். நோட்டு தயாராகக் கட்டி மேசைமேல் இருந்தது. பிளாஸ்டிக் தாள் சுற்றி, நான்கு பக்கமும் ரப்பர் வளையம் போட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிற குழந்தை மாதிரி. சிவப்புத் துணி முதுகு கொண்ட நீள நோட்டு அது. முதல் பக்கங்களில் என் கையெழுத்து இருக்கும். எனக்குச் சோறு போட்டபடி லெட்சுமி சொன்னார்: "இதை நீங்க எடுத்துட்டுப் போனா எனக்கு நிம்மதின்னு நெனச்சிக்கிட்டு இருக்காரு அண்ணே. எழுதாத மனுசனை வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது?"

மணியம் வந்ததும், நோட்டு இங்கேயே இருக்கட்டும் என்று நானும் சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தேன். அவனுக்குக் கோபமே வரவில்லை. கோபம் வந்திருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருக்கலாம். மற்றவர் பாட்டை வாசிப்பதில் ஒரு குறையும் இல்லை, அதை ஒழுங்காக வாசித்துவிட்டுப் போகிறேன் என்றான். நாளைக்கும் யாரும் கேட்கவில்லை என்றால் நோட்டு உன்னோடு கோலாலம்பூர் போகட்டும் என்றான். நோட்டுக் கட்டை எடுத்து, தானே என் காலிப் பையில் வைத்தான்.

ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு, டிரம்முக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் மடங்கி உட்கார்ந்து, நோட்டு இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, வேனில் செமோருக்குப் போனோம். ஈப்போவுக்கு வடக்கே சுமார் பதினாறு கிலோமீட்டர். எங்கள் தோட்டத்தில் பாதிக்கு மேல் ரப்பர் போய், எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்துவிட்டது. லயத்து ஆட்கள் பலர் டவுனுக்குக் குடிபோய்விட்டார்கள், ஆனால் கோயில் விருந்துக்கு பஸ் பிடித்து வந்துவிடுகிறார்கள். சாம்பார் வாசனை வாசலிலேயே வரவேற்றது. இசை நாலிலிருந்து ஏழுவரை. அதற்கு மேல் மைக் கூடாது என்பது போலீஸ் கொடுத்த பெர்மிட்டில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு மலாய்க் கான்ஸ்டபிள் வந்து, முதல் பந்தியிலேயே வாழை இலைமுன் உட்கார்ந்திருந்தார்.

மூன்றரைக்கு மைக் சரிபார்த்தார்கள். இதற்கு எல்லோரும் ஒன்று இரண்டு எண்ணுவார்கள். மணியம் எப்போதும் இரண்டு வரி பாடுவான்.

"மரம் நனைஞ்சிருக்கு, இன்னைக்கு வெட்டு இல்ல,
அம்மா இன்னைக்கு வீட்டுல..."

தோட்டத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டு விடியற்காலையில் நடக்கும். மழையில் மரப்பட்டை நனைந்திருந்தால் பால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் இறங்காமல் வழிந்து வீணாகும். அதனால் அன்றைக்கு வெட்டு இல்லை, கூலியும் இல்லை. ஆனால் இருட்டிலேயே எழுந்து போய்விடுகிற அம்மா அன்றைக்கு வீட்டில் இருப்பாள். லயத்துப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. மணியம் எழுதிய முதல் பாட்டு இது. பெயர் 'ஈர மரம்'. அடிக்குரலில் தொடங்கி இரண்டே வரியில் உச்சிக்கு ஏறுவதால் மைக் சரிபார்க்க வசதி என்பான். சரிபார்ப்பது பாடுவதில் சேராது, அதனால் அவன் சட்டத்துக்கும் பங்கம் இல்லை. ஒலிபெருக்கிக்காரர் கட்டைவிரலை உயர்த்தியதும் நிறுத்திவிட்டான். வழக்கமாக அப்படித்தான்.

நாலு மணிக்குச் சாமி பாட்டோடு ஆரம்பமானது. சீட்டுகள் வந்தபடி இருந்தன. மணியம் ஒவ்வொன்றாகப் பார்த்து அறிவிப்பாளரிடம் கொடுப்பான், அவர் படிப்பார். எல்லாம் சினிமாப் பாட்டு. ஐந்து மணிக்கு எனக்குப் பொறுக்கவில்லை. செய்யக் கூடாததுதான், செய்தேன். கோயில் பின்பக்கம் போய், நாள்காட்டித் தாளைக் கிழித்து, என் கையெழுத்து தெரியாமலிருக்க இடது கையால் எழுதினேன்: "'ஈர மரம்' பாடவும். இப்படிக்கு ரசிகர்." ஒரு பெரியவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டுப் பந்தலின் கடைசி வரிசையில் போய் நல்ல பிள்ளையாக நின்றேன். மணியம் அதைப் படித்தான். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். சட்டைப் பையில் வைத்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தான்.

இடைவேளையில் இரண்டு குவளை ரோஸ் சிரப்போடு என்னிடம் வந்தான்.

"'ஈர மரம்'னு எழுதியிருக்கு. அந்தப் பேரு தெரிஞ்சவங்க ரெண்டு பேருதான் மச்சான். நான் எழுதல."

திருட்டு முழி முழித்தேன். அவன் திட்டவில்லை, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். அந்தத் தட்டு எனக்கு ரொம்ப வலித்தது. அவனுக்கு நல்லது செய்யப் போய், கேட்க ஆளில்லை என்பதை நானே எழுதிக் கையில் கொடுத்துவிட்டேன்.

ஆறே முக்கால் இருக்கும். கான்ஸ்டபிள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அப்போது இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கூட்டத்திலிருந்து நேராக மேடைக்குப் போய், அறிவிப்பாளர் கையிலேயே ஒரு சீட்டைத் திணித்துவிட்டு வந்தார். அவர் அதை மைக்கில் அப்படியே படித்தார்.

"மணியம் அண்ணனுக்கு. மைக் டெஸ்டிங் பாட்டை இன்னைக்காச்சும் முழுசா பாடுங்க. சின்னப் புள்ளையிலிருந்து கேக்கறேன். அம்மா வீட்டுல இருந்தா அப்புறம் என்னா ஆகும்? ஆறாம் லயம் புஷ்பா."

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் வந்தது. ஆமாம், எங்களுக்கும் தெரியவேண்டும் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். மணியம் சீட்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தான். பிறகு என்னைத் தேடிப் பார்த்தான். நான் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அப்போதுதான் அவன் முகம் மாறியது. டிரம்காரர் அவன் பக்கம் குனிந்து, "அண்ணே, ரெண்டு வரிக்கு மேல எனக்குத் தெரியாது" என்றது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

தனியாகவே ஆரம்பித்தான். இரண்டு வரி வந்தது. ஒலிபெருக்கிக்காரர் பழக்கதோஷத்தில் கட்டைவிரலை உயர்த்தினார். மணியம் நிறுத்தவில்லை. அடுத்த நான்கு வரியும் வந்தன. அதற்கு மேல் அவன் கித்தார் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. பதின்மூன்று வருடமாகப் பாடாத பாட்டு, மறந்துபோயிருந்தது.

"மச்சான், நோட்டு," என்றான் மைக்கில்.

ஓடினேன். அவன் போட்ட ரப்பர் வளையங்களை அவனைத் திட்டிக்கொண்டே அறுத்தேன். மேடையில் நோட்டை வைக்கத் தாங்கி இல்லை. அவன் முன்னால் மண்டியிட்டு, முதல் பக்கத்தைத் திறந்து நானே பிடித்துக்கொண்டேன். என் பழைய கையெழுத்தைப் பார்த்து அவன் பாடினான்.

"அம்மா இன்னைக்கு வீட்டுல,
அம்மா கண்ணு மட்டும் வானத்துல."

நான் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மழை விடுமா, நாளைக்காவது வெட்டு இருக்குமா என்று வாசலில் நின்று பார்த்த அம்மாக்கள் அங்கே பலர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கண் மறைத்தது. ஒரு கையால் துடைக்கப் போய் நோட்டு ஆட, மணியம் பாடிக்கொண்டே முழங்காலால் என் தோளை இடித்து நேராக்கினான். பாட்டு முடிந்தபோது மணி ஏழு அடித்து நாலு நிமிடம். கான்ஸ்டபிள் கடிகாரத்தை மறந்துவிட்டுத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

கீழே இறங்கியதும் புஷ்பா வந்தார். அவரும் இப்போது ஜெலாப்பாங்கில்தான் வேலை செய்கிறாராம். "எங்கம்மாவும் அப்படித்தாண்ணே பாத்துக்கிட்டு நிப்பாங்க. என் மேல கோவம்னு நெனச்சிக்குவேன்," என்றார். மணியம் அவருக்கு ரோஸ் சிரப் எடுத்துக் கொடுத்தான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் எழுந்தபோது அவன் வேலைக்குப் போய்விட்டிருந்தான். என் பையில் தம்புன் ஊர்ப் பம்ப்ளிமாஸ் பழம் இரண்டைத் திணித்துக்கொண்டிருந்தார் லெட்சுமி. நோட்டு எங்கே என்று கேட்டேன். "பையில எடமில்ல அண்ணே," என்றார். மேசைமேல் அது விரிந்து கிடந்தது. புதுப் பக்கம், நடுவில் மூடி போடாத பேனா. பார்க்கப் போனேன், லெட்சுமி மடக்கிவிட்டார். உங்களிடம் கொடுக்கச் சொன்னார் என்று ஒரு தாளை நீட்டினார். என் இடது கைச் சீட்டு. பின்பக்கம் மணியம் எழுதியிருந்தான்: "புதுப் பாட்டுக்கு இன்னும் பேர் வைக்கல. வச்சாலும் உன்கிட்ட சொல்ல மாட்டேன்."

எட்டரை பஸ். தாப்பா அருகே நல்ல மழை பிடித்துக்கொண்டது. கோலாலம்பூரில் நான் ஒரு கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. மழை பெய்தால் எங்களுக்கு ரோட்டில் வண்டிகள் தேங்கும், ஆபீசுக்குத் தாமதமாகும், அவ்வளவுதான். வானத்தை நிமிர்ந்து பார்த்து எத்தனையோ வருடமாகிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு அன்றைக்குக் கொஞ்ச நேரம் பார்த்தேன். மடியில் பம்ப்ளிமாஸ் கனத்தது. அந்தப் புதுப் பாட்டு எப்படி இருக்கும் என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது. அதைக் கேட்க இனி நானும் மற்றவர்களைப் போலச் சீக்கிரமே போய், அவன் மைக் சரிபார்க்கும்போது முன்வரிசையில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.