பேட்டரி கண்ணெதிரே பிரித்துக் காட்டப்படும்

கடலூர் முதுநகரில் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு லேப்டாப் கடையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். கடைக்காரர் எனக்கு மாமா முறை. அம்மாவின் பெரியப்பா மகன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டுக் குமராட்சியில் சும்மா இருந்தவளை வீடு தேடி வந்து கூப்பிட்டவர் அவர்தான். அதை அவர் ஒரு நாளும் மறக்கவில்லை. கடைக்கு யார் வந்தாலும் சொன்னார்.

என் வேலை பேட்டரி. பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்புகள் அந்தப் பக்கம் பல வீடுகளில் இருந்தன. பிள்ளைகள் படித்து வேலைக்குப் போன பிறகும் மிஷின் ஓடும், பேட்டரி மட்டும் செத்திருக்கும். வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். புதுப் பேட்டரி எளிதில் கிடைக்காது. அதனால் பிளாஸ்டிக் கூட்டை நெம்பித் திறந்து, உள்ளேயிருக்கும் ஆறு செல்களையும் கழற்றிவிட்டு, வேறு ஆறு செல்களை நிக்கல் பட்டையால் வெல்டு வைத்து இணைத்து மூடவேண்டும். செல்களை மாமாதான் வாங்கி வருவார். நீல உறை போட்ட செல்களை டப்பாவோடு என் மேசையில் வைத்து, "எல்லாம் புதுசு, பொறுமையா பண்ணு" என்பார்.

ஒருநாள் காலை கடை திறந்ததும் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு அக்கா கணவரோடு வந்தார். வீட்டிலிருந்தபடியே மனு, விண்ணப்பம் எல்லாம் டைப் அடித்துக் கொடுப்பவர். சில வாரங்களுக்கு முன்பு அவருடைய பேட்டரியை நான்தான் கட்டியிருந்தேன். இப்போது அவருடைய வலது கையில் மணிக்கட்டுவரை கட்டுப் போட்டிருந்தது. மடியில் வைத்து அடித்துக்கொண்டிருக்கும்போது அடியிலிருந்து புகை வந்திருக்கிறது. பக்கத்தில் குழந்தை படுத்திருந்ததால் பேட்டரியைக் கையாலேயே பிடுங்கி வாசலில் எறிந்திருக்கிறார். உருகிய அந்தப் பேட்டரியைக் கணவர் துணிப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

மாமா அதைத் தொடவேயில்லை. "நான் நல்ல செல்லுதான் வாங்கிக் குடுத்தேன். அன்னைக்கு நான் பாண்டி போயிருந்தேன். வெல்டு வச்சது இந்தப் பொண்ணு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னாம்மா பாத்துகிட்டு நிக்குற? மன்னிப்பு கேளு" என்றார்.

கடையில் அப்போது ஐந்தாறு பேர் இருந்தார்கள். "என் தப்புதான்க்கா, மன்னிச்சிடுங்க" என்றேன். அந்த நேரத்தில் நானே அதை நம்பினேன். கை நடுங்கி வெல்டு தப்பாக விழுந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

"பொட்டப் புள்ளைய வச்சி கரண்டு வேல பாத்தா இப்புடித்தான் ஆவும்" என்றார் கணவர். மாமா ஆமாம் என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு பேட்டரி பழைய சாமான் பெட்டிக்குப் போயிற்று. மத்தியானம் மாமா சாப்பிடப் போனதும் அதை எடுத்துப் பிரித்தேன். வெந்துபோகாத ஒரு செல்லின் நீல உறையைப் பிளேடால் கீறினேன். உள்ளே இன்னொரு உறை, வெளிறிய பச்சையில். செல்லின் முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நான் வைத்த வெல்டுப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் வேறு புள்ளிகள் இருந்தன, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மழுப்பியவை. எங்கேயோ செத்த பேட்டரியிலிருந்து பிடுங்கிய செல்லுக்குப் புதுச் சட்டை மாட்டியிருந்தார்.

அவர் திரும்பி வந்ததும் செல்லை முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு மின்விசிறியைக் கூட்டி வைத்தார். "நம்ம வூட்டுப் பொண்ணுன்னு வச்சிருக்கேன். நீ வெளிய போயி சொன்னா எவன் நம்புவான்? நீயே ஒத்துகிட்டல்ல" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

நான் வாய் திறப்பதற்குள் அவர் சொந்தக்காரர்களிடம் எல்லாம் என் தப்பு என்று சொல்லிவிட்டார். சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனால், "கைய சுட்டு வச்ச பொண்ணு நீதானா" என்று கேட்டார்கள். கடலூரில் வேறு கடையிலும் வேலை கேட்டுப் பார்த்தேன். அங்கேயும் அந்தக் கதை போய்ச் சேர்ந்திருந்தது. அம்மாகூட, "சொந்தத்துல பக மூட்டாத" என்றார். பகைதான் எனக்கு அப்போது சோறு மாதிரி இருந்தது. காலையில் எழுந்ததும் அவர் முகம்தான் முதலில் ஞாபகம் வரும். அதற்கப்புறம்தான் பல் விளக்குவேன்.

சிதம்பரத்தில் கீழ வீதியை ஒட்டிய சந்தில் சவுதியிலிருந்து திரும்பிய பாய் ஒருவர் மொபைல் கடை வைத்திருந்தார். அவர் கடையின் ஒரு மூலையில் மேசை போட இடம் கொடுத்தார். நானே செல் வரவழைத்து, ஒவ்வொன்றையும் முழுதாகச் சார்ஜ் ஏற்றி இறக்கிச் சோதித்துப் பார்த்துத்தான் கட்டினேன். ஆறு மாதம் கழித்து ஒரு போர்டு எழுதி மாட்டினேன்: 'எந்தக் கடையில் கட்டிய பேட்டரியும் கண்ணெதிரே பிரித்துக் காட்டப்படும். கட்டணம் இல்லை.'

பாய் அதைப் படித்துவிட்டு, "ஏம்மா, யாரு பொழப்புலயோ கை வக்கிற மாரி இருக்கே" என்றார்.

"என் பொழப்புல கை வச்சவருதான், பாய்."



ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதுநகரில் மாமா கடையில் கட்டிய பேட்டரி என்று தெரிந்தால் எனக்குக் கை பரபரக்கும். வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து, கூட்டைத் திறந்து, அவர் கையிலேயே பிளேடைக் கொடுத்து நீல உறையைக் கீறச் சொல்வேன். லென்ஸையும் கொடுப்பேன். நான் யாரையும் குறை சொல்லவில்லை. அவர்களே பார்த்து, அவர்களே திட்டினார்கள். புவனகிரியிலிருந்து வந்த ஒரு வாத்தியார் பச்சை உறையைப் பார்த்ததும் லென்ஸைக் கீழே வைத்தார். "என் பொண்ணு இத மெத்தையில வச்சிதான் படிக்கிது" என்றார். "அவர்கிட்டயே போயி கேளுங்க சார்" என்று பிரித்த செல்களைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அன்றைக்கே அவர் முதுநகருக்குப் பஸ் ஏறினார். அன்று நான் இரண்டு டீ குடித்தேன்.

அந்த வருடம் முடிவதற்குள் மாமாவே வந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். போர்டைப் பார்த்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார். "தினமும் ஒருத்தன் வந்து கடையில சத்தம் போடுறான். ஜாஸ்தியா போவுதும்மா. அத எடுத்துடு. குடும்பத்துக்குள்ள இது வேணுமா?"

அவர் கெஞ்சுவதைக் கேட்க இனிப்பாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். "நெல்லிக்குப்பத்துக்கு வாங்க. அந்த அக்காகிட்ட நெசத்த சொல்லுங்க. நான் எடுத்துடுறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் பஸ்ஸில் போனேன், அவர் பைக்கில் வந்தார். கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்ற சாலையிலிருந்து உள்ளே நான்காவது வீடு. அந்த அக்கா வாசலிலேயே நின்றார். வலது உள்ளங்கைத் தோல் சுருங்கி இழுத்திருந்தது. இரண்டு விரல்கள் முழுதாக மடங்கவில்லை. கணவர் உள்ளே இருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு வரவில்லை.

மாமா தரையைப் பார்த்துச் சொன்னார். "செல்லு பழசுதாம்மா. நான்தான் உறை மாத்திக் குடுத்தேன். இந்தப் புள்ளைக்குத் தெரியாது."

"நிமுந்து சொல்லுங்க" என்றேன். அவர் நிமிர்ந்து இன்னொரு முறை சொன்னார்.

அந்த அக்கா அவரை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். "நீதான ஒவ்வொண்ணா எடுத்து ஒட்டுன. உன் கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலியா?"

தெரிந்திருந்தது. சில செல்களின் முனையில் மெல்லிய கீறல்கள் இருந்ததை நான் முன்பே கவனித்திருந்தேன். ஒரு தடவை கேட்டபோது, "பேக்டரியிலயே அப்புடித்தான் வருது" என்றார் மாமா. அதற்குமேல் நான் ஒரு உறையைக்கூடக் கீறிப் பார்க்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம்.

"கீறல் இருந்திச்சுக்கா. நான் விட்டுட்டேன்" என்றேன். அவருக்காக ஒரு நல்ல பேட்டரி கட்டி எடுத்துப் போயிருந்தேன். அதை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. "வேணாம்மா. நீ கெளம்பு" என்றார்.

திரும்பும்போது மாமா பைக்கை உதைத்துக்கொண்டே, "போர்ட எடுத்துடுவல்ல?" என்றார்.

"பாக்கலாம் மாமா" என்றேன்.

நான் எடுக்கவில்லை. வாக்குக் கொடுத்தது நான்தான், மீறியதும் நான்தான். அவர் அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறார். அம்மா போனில் திட்டினார், கேட்டுக்கொண்டேன். அந்த அக்காவின் கை மடங்குகிற அன்றைக்கு எடுக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். மாமாவின் கடையில் இப்போது பேட்டரி வேலை கிடையாது. சார்ஜரும் மொபைல் கவரும் தொங்குகின்றன. கடலூருக்குப் போக வேண்டியிருந்தால் பஸ்ஸில் அந்தப் பக்கத்து ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்காருகிறேன். கடை தாண்டும்வரை கண்ணை எடுப்பதில்லை. அவர் பெரும்பாலும் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்.