மாமியின் பாட்டும் என் கைவேகமும்

குசினிச் சுவரில் சுளகு தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி இருக்கிறது. அதில் ஒரு சைக்கிள் டைனமோ தொங்குகிறது. கறுத்துப்போன சின்னப் போத்தல் மாதிரி ஒரு சாமான். டயரில் உரசி உரசி அதன் தலை வழுவழுவென்று தேய்ந்துவிட்டது. போன வருடம் சுவருக்குப் பெயின்ற் அடிக்க வந்தவர் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “அக்கா, இது இனி என்னத்துக்கு? எறியட்டோ?” என்று கேட்டார். வீட்டில் மின்சாரம் இருக்கிறது, சைக்கிள் இல்லை. அவர் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. “கிடக்கட்டும்” என்று மட்டும் சொன்னேன். விளக்கம் சொல்லும் தெம்பு அன்று எனக்கு இருக்கவில்லை. இப்போதெல்லாம் எதற்கும் விளக்கம் சொல்வதென்றால் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த ஒன்றை ஒருமுறை சொல்லி வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

தொண்ணூறுகளில் வன்னியில் இருந்தவர்களுக்கு டைனமோவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மின்சாரம் இல்லை, பற்றறி உள்ளே வரத் தடை. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பின் சில்லில் டைனமோவை முட்டவிட்டு, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். ஒருவர் சுற்றுவார், மற்றவர்கள் வானொலிக்குக் காது கொடுப்பார்கள். வானொலி ஒரு பொறுமைசாலி, மெதுவாகச் சுற்றினாலும் கதைக்கும். கசெற் அப்படியில்லை. அதற்குள்ளே ஒரு மோட்டார் ஓடவேண்டும். அதற்கு இரண்டு மடங்கு கைப்பலம் வேண்டும். அதனால் ஊரில் யாரும் கசெற் போட்டுக் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் மட்டும் கேட்டோம், அதுவும் இங்கிலீசுப் பாட்டு. காரணம் என் மாமி.

மாமி என்றால் என் கணவரின் தாய். புதுக்குடியிருப்பிலிருந்து கண்டாவளைக்கு நான் கலியாணம் முடித்து வந்தபோது அவருக்கு ஐம்பது வயதிருக்கும். மாமா அதற்கு முன்பே போய்விட்டார். கொண்டை போட்டு, முழங்கால்வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கத்தரித் தோட்டத்துக்கு வாய்க்கால் திருப்பித் தண்ணீர் மாறும் இந்த மனுசி, அறுபதுகளின் கடைசியில் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் ரைப்பிஸ்ற் ஆக இருந்தவர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அப்போது மாமி தங்கியிருந்தது வெள்ளவத்தையில் ஒரு பறங்கி அம்மாவின் போர்டிங்கில். அந்த அம்மாவிடம் றெக்கோட் பிளேயர் இருந்ததாம். கப்பலில் வரும் புது இசைத்தட்டுகள் கொம்பனிப் பெடியள் மூலமாகப் போர்டிங்குக்கு வந்து சேருமாம். சனிக்கிழமை பின்னேரங்களில் கதிரைகளையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டுப் பெண்பிள்ளைகள் ஆடுவார்களாம். “நீங்களும் ஆடினீங்களோ மாமி?” என்று கேட்டேன். “பின்ன, நான் என்ன கதிரையைப் பிடிச்சுக்கொண்டே நிண்டனான்?” என்றார்.

பிறகு கலியாணமாகி, பிள்ளை பிறந்து, ஒரு நாள் வெள்ளவத்தையில் பாட்டுப் பதியும் கடையொன்றில் தனக்குப் பிடித்ததையெல்லாம் ஒரே கசெற்றில் பதிவித்து எடுத்திருக்கிறார். ஒரு பக்கம் டிரம்மும் மின்சாரக் கிட்டாரும் அதிருகிற பாட்டுகள். மற்றப் பக்கம் ஒரு கிட்டார், ஒரு மவுத் ஓர்கன், ஒரு குரல், அவ்வளவுதான். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் வீட்டுக்குக் கும்பல் வந்தபோது நகையை மறந்துவிட்டு, அந்தக் கசெற் இருந்த கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்மதிலால் குதித்திருக்கிறார். மாமா சாகும்வரை இதைச் சொல்லிக் காட்டினாராம். கப்பலேறி வடக்கே வந்து, மாமாவின் காணி இருந்த கண்டாவளையில் குந்தியபோது கொழும்பிலிருந்து மிஞ்சி வந்தது அந்தக் கசெற் ஒன்றுதான்.

பின்னேரம் வயலால் வந்து குளித்துவிட்டு என் கணவர் சைக்கிளைக் கவிழ்ப்பார். மாமி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பார். கணவர் பலசாலிதான். ஆனால் அவர் எவ்வளவு சுற்றினாலும் மாமிக்குத் திருப்தி வராது. “கெதியா, தம்பி, கெதியா! பாட்டு நித்திரை கொள்ளுது.” அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுவார். “இன்னும் கெதியா!” நான் அடுப்படியில் இருந்து சிரிப்பேன். சொந்த மகனை இப்படி மாடு மாதிரி வேலை வாங்குகிறாவே என்று தோன்றும். அந்தப் பாட்டுகள் எனக்கு விளங்கியதில்லை. மற்றப் பக்கத்தின் முதல் பாட்டு மட்டும் பிடித்துப்போனது. மவுத் ஓர்கன் தொடங்கி, கிட்டார் மூன்று படி இறங்கி, பிறகு ஒரு தடித்த குரல் வரும். ஒரு வயதான மனிதர், வாழ்க்கையில் நிறைய நடந்து களைத்தவர், வழியோரத்தில் இருந்துகொண்டு பாடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். அது என்ன பாட்டு என்று ஒருநாள் கேட்டேன். “சண்டை வேண்டாமெண்டு பாடின பாட்டு, பிள்ளை. எங்கயோ தூரத்தில நடந்த சண்டை. அங்கத்தைப் பாட்டு அப்ப இஞ்ச வந்துது. சண்டை பிறகு வந்துது” என்றார்.

கலியாணம் முடித்து மூன்றாவது மாரியில் என் கணவர் மலேரியாவில் போனார். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. ஆசுபத்திரியில் மருந்து இல்லை, இருந்த மருந்தும் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. இதற்கு மேல் அதை எழுதுவதற்கு எனக்கு விருப்பமில்லை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. சைக்கிள் தாழ்வாரத்தில் நிமிர்ந்தபடியே நின்றது. அந்த ஒரு வருடம் மாமி பாட்டு என்ற சொல்லையே எடுக்கவில்லை.

ஆட்டைத் திவசம் முடிந்த அன்று என் அண்ணா போகாமல் நின்றார். “தங்கச்சி, நீ இஞ்ச ஆருக்காக இருக்கப்போறாய்? விடிய வெளிக்கிடு. அம்மாவும் உன்னைத்தான் கேக்கிறா” என்றார். பிறகு மாமியைப் பார்த்து, “நீங்கள் குறை நினைக்கக்கூடாது மாமி” என்றார். மாமி வெற்றிலைத் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, “அது அவவின்ர விருப்பம் தம்பி. நான் மறிக்கமாட்டன்” என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. எனக்கு அது சுட்டது. போகாதே பிள்ளை என்று ஒரு சொல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இரும்பு மனுசி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் உடுப்புகளைப் பையில் அடுக்கினேன்.

திவசத்துக்குச் சமைத்த பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தபின் பொழுது சாய்ந்தது. மாமி வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் அதே கதிரையில், அதே இடத்தில், சும்மா இருந்தார். சைக்கிள் அவருக்கு எதிரே நின்றது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது. போய்ச் சைக்கிளைக் கவிழ்த்தேன். டைனமோவை டயரில் முட்டவிட்டு, கசெற்றை மற்றப் பக்கம் திருப்பிப் போட்டுச் சுற்றத் தொடங்கினேன். ஒரு பாட்டு முடிவதற்குள் தோள்மூட்டு கழன்று விழும்போல் வலித்தது. இப்போது கெதியா என்பார், இப்போது சொல்வார் என்று காத்துக்கொண்டே சுற்றினேன். சொல்லவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, “காணுமோ மாமி? இன்னும் கெதியாச் சுத்தவோ?” என்று நானே கேட்டேன். மாமி என் கையைப் பார்த்தார். “இது காணும், பிள்ளை” என்றார்.

விடிய அண்ணாவைத் தனியே அனுப்பினேன். அண்ணா ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு பல வருடங்கள் அந்தப் பெடலைச் சுற்றினேன். பகலில் முன்பள்ளியில் குழந்தைகளோடு கத்தவேண்டும், வந்து தோட்டத்துக்குத் தண்ணீர் மாறவேண்டும், பின்னேரம் பாட்டு. தினமும் இல்லை, முடிந்த நாட்களில். அலுத்துப்போய்ச் சுற்றிய நாட்கள்தான் கூட. ஆனால் மாமி ஒருநாளும் என்னைக் கெதியா என்று சொன்னதில்லை. அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அத்தனை பலசாலியான மனுசனுக்குப் பிடிபடாத வேகம் எனக்குப் பிடிபட்டுவிட்டதே, சுற்றுவதில் நான்தான் கெட்டிக்காரி என்று நம்பியிருந்தேன். அடுத்த வளவு அக்கா ஒருநாள் வேலியால் எட்டிப் பார்த்து, “என்ன பிள்ளை, நீங்கள் வேதத்துக்கு மாறிட்டியளோ? ஒவ்வொரு நாளும் செபப் பாட்டுக் கேக்குது” என்றார். அன்று ஓடிக்கொண்டிருந்தது டிரம் அதிரும் பக்கம். மாமி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த அக்காவுக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். இன்னொரு நாள், “இந்தக் கிழவர் இப்பவும் உயிரோட இருப்பாரோ மாமி?” என்று கேட்டேன். “எந்தக் கிழவர்?” என்றார். “இந்தப் பாட்டுப் படிக்கிறவர்.” மாமி வெற்றிலை மடிப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, “இருப்பார், பிள்ளை. நல்லா இருப்பார்” என்றார்.

கடைசிச் சண்டையில் எல்லோரையும் போல நாங்களும் இடம் இடமாக இழுபட்டோம். பாட்டுக் கேட்ட ரேப் ரெக்கோடரை ஒரு தெருவோரத்தில் விட்டோம், சைக்கிளை இன்னொரு தெருவோரத்தில். டைனமோவை மட்டும் கழற்றி எடுத்தேன், ஏனென்று தெரியாது. கசெற் மாமியின் கைப்பையில் இருந்தது. முகாமில் தண்ணீர் வரிசையில் நிற்கும்போது மாமி அந்தக் கிழவரின் பாட்டை வாய்க்குள் முணுமுணுப்பார். மெதுவாக, ஒவ்வொரு இடமாக நின்று நின்று. வாளியைத் தள்ளித் தள்ளி நகரும்போது அது எனக்கும் ஆறுதலாக இருக்கும். ஊருக்குத் திரும்பி, தகரக் கொட்டிலில் இருந்த காலத்தில் மாமி போய்ச் சேர்ந்தார். மின்கம்பங்கள் எங்கள் ஒழுங்கைக்கு வர முன்பே போய்விட்டார். தண்ணீர் குடித்து நாடா ஒட்டிப்போன அந்தக் கசெற்றை அவருடைய பெட்டிக்குள் வைத்து அனுப்பினேன்.

இவ்வளவும் சொன்னது இனிச் சொல்லப்போவதற்காகத்தான். அண்ணாவின் குடும்பம் இப்போது வவுனியா நெளுக்குளத்தில் இருக்கிறது. அண்ணாவின் மகள் என்னை மாமி என்பாள், எனக்கு அவள் மருமகள் முறை. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், கிட்டார் வாசிக்கிறாள். இந்த வருடம் அவளும் கூட்டாளிகளும் சேர்ந்து அறுபதுகளின் கடைசியில் வந்த ரொக் பாட்டுகளையும் நாட்டார் பாணிப் பாட்டுகளையும் கொண்டாடவென்று வவுனியாவில் ஒரு மண்டபத்தில் நிகழ்ச்சி வைத்தார்கள். “மாமி, நீங்கள் கட்டாயம் வரவேணும். நீங்கள் கேட்டு வளந்த பாட்டெல்லே” என்றாள். முழங்கால் வலியோடு பஸ் ஏறிப் போனேன். மண்டபத்தில் தலைமயிர் வளர்த்த பெடியள், காற்சட்டை போட்ட பெட்டையள், ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர். மாமி இருந்திருந்தால் கதிரையைச் சுவரோரம் தள்ளியிருப்பார். எனக்கு ஒரு பாட்டும் பிடிபடவில்லை. எல்லாம் ஓட்டமும் பாய்ச்சலுமாக இருந்தன. எப்போது முடியும் என்று கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு பெட்டை கிட்டாரோடு வந்து நின்றாள். ஒரு பெடியன் மவுத் ஓர்கன் ஊதினான். துள்ளிக்கொண்டு போகிற, காலைத் தட்ட வைக்கிற மெட்டு. சுற்றியிருந்தவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மடியில் கிடந்த என் வலது கை தானாக வட்டம் போடத் தொடங்கியது. கிட்டார் மூன்று படி இறங்கியது. அந்த இடத்தில்தான் காதுக்கும் தெரிந்தது. அது மாமியின் பாட்டு. நான் அறிந்த வேகத்தைவிட அவ்வளவு விரைவாக, அவ்வளவு இளமையாக, கண்ணாடிபோலத் தெளிந்த ஒரு பெண் குரலில்.

முடிந்ததும் மருமகளைப் பிடித்து, “ஏன் பிள்ளை இவ்வளவு ஓட்டமாப் படிச்சவள்? அது ஒரு கிழவர் ஆறுதலாப் படிக்கிற பாட்டெல்லோ?” என்று கேட்டேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “இல்லை மாமி. அது இந்த வேகம்தான். படிச்சதும் கிழவர் இல்லை, அப்ப இருபது வயசுப் பெட்டை ஒருத்தி.”

பஸ்ஸில் ஏறியும் என்னால் வேறெதையும் யோசிக்க முடியவில்லை. மாமிக்குத் தெரியும். அந்தப் பாட்டுக்கு ஆடிய கால் அது. அதன் வேகம் அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. சொந்த மகன் சுற்றியது போதாதென்று தினமும் கத்தியவர், அதைவிடவும் மெதுவாக நான் சுற்றியதை அத்தனை வருடம் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். மறிக்கமாட்டேன் என்று அண்ணாவிடம் சொன்ன அன்றைக்கே, என் கையைப் பார்த்து இது காணும், இவ்வளவு போதும் என்று சொல்லியிருக்கிறார். போகாதே என்று கேட்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான் என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது. மாங்குளம் தாண்டும்வரை அழுதேன். பக்கத்துச் சீற்றில் இருந்த மனுசி தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

போன கிழமை மருமகள் கண்டாவளைக்கு வந்தாள். தேத்தண்ணி குடித்துக்கொண்டு குசினியில் இருந்தோம். பாட்டுப் பழகுகிறவர்கள் வேகத்தைக் குறைத்துக் கேட்க அவளுடைய போனில் ஒரு வசதி இருக்கிறதாம். குறைத்தால் குரலும் சேர்ந்து தடிக்குமாம். அந்தப் பாட்டைப் போட்டு, டைனமோ தொங்கும் சுவரோடு போனைச் சாய்த்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். பெட்டையின் குரல் மெல்ல இறங்கி ஆணாகி, ஆணின் குரல் வயதாகி, ஓரிடத்தில் என் கிழவர் வந்து இருந்தார். அது என் கணவர் சுற்றிய வேகம் அல்ல. மாமி ஆடிய வேகமும் அல்ல. தண்ணீர் வரிசையில் மாமி முணுமுணுத்தது அச்சொட்டாக இந்த வேகத்தில்தான்.

“இன்னும் குறைக்கவோ மாமி?” என்று அவள் கேட்டாள்.

“இது காணும், பிள்ளை” என்றேன்.