காலையில் இருபத்தொன்பது, மதியம் முப்பத்தாறு

தலைப்பிரசவத்துக்கு மகள் எங்கள் வீட்டுக்கு வந்தது கார்த்திகைக் கடைசியில். நாங்கள் இருப்பது ஆழ்வார்குறிச்சி. அவள் காட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி பாளையங்கோட்டையில். வலி கண்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் கொண்டுபோக வேண்டும். ஓட்டப்போவது நான். நடு வழியில், வயலும் ஆளில்லாத ரோடுமாக இருக்கிற இடத்தில், டயர் படுத்துவிட்டால் என்ன செய்வது? வேறு எந்தக் கவலையும் எனக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

பந்தல் சாமானும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிற கடை எனக்கு. கார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில், டயருக்கு எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எல்லாம் இங்கிலீஷ். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதில் முப்பத்துமூன்று என்ற நம்பர் மட்டும் போதுமானதாக இருந்தது. காற்றை அளக்கிற கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியக்காலையில் பார்த்தால் நாலு டயரிலும் இருபத்தொன்பது. கார் மேலெல்லாம் பனித்தண்ணீர். நேரே அம்பாசமுத்திரத்துப் பஞ்சர் கடைக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சரியாக முப்பத்துமூன்று வைத்து வந்தேன். மதியம், வெயிலில் கடைக்கும் வீட்டுக்கும் நாலு நடை ஓட்டியபிறகு அளந்தால் முப்பத்தாறு. வெடித்துவிடுமோ என்று மூன்றை இறக்கிவிட்டேன். அடுத்த நாள் காலையில் மறுபடி இருபத்தொன்பது.

இப்படி ஐந்து நாள். வால்வில் சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்துப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. ஆறாம் நாள் பஞ்சர் கடைக்காரர் என் காரைத் தூரத்தில் பார்த்ததுமே ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார்.

“வாரும் அண்ணாச்சி. டயருக்கு மூச்சுப்பயிற்சி நடக்கோ? காலைல இழுக்கணும், மத்தியானம் விடணும்.”

“சிரிக்காதீரும் வே. காலைல குறையுது, மத்தியானம் கூடுது. ஓட்டை எங்கன இருக்கு?”

“ஓட்டை டயர்ல இல்ல. நீரு எப்பம் அளக்கீரு, அதைச் சொல்லும்.”

சொன்னேன். அவர் கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரை விரலால் தட்டினார். “இதை உம்ம மவளை வாசிக்கச் சொல்லும். நான் சொன்னா நீரு நம்ப மாட்டீரு.”

வீட்டுக்கு வந்து மகளைக் கூப்பிட்டேன். அவள் இடுப்பில் கை கொடுத்துக்கொண்டு மெதுவாக வந்து, குனிய முடியாததால் தலையை மட்டும் சாய்த்து வாசித்தாள்.

“டயர் ஆறி இருக்கும்போது முப்பத்துமூணுன்னு போட்டிருக்குப்பா. ஓட்டிட்டு வந்து சூட்டோட அளந்தா கூடத்தான் காட்டும். நீங்க அதை இறக்கிவிட்டா, பனியில இன்னும் கீழ போவாதா?”

“ஐஞ்சு நாளா நல்ல காத்தைப் பிடுங்கி விட்டிருக்காக உங்கப்பா” என்றாள் மனைவி, உள்ளேயிருந்து.

அவமானமாக இருந்தாலும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். டயரில் ஒரு குறையும் இல்லை. அன்று சாயங்காலமே காலால் மிதித்துக் காற்றடிக்கிற பம்பு ஒன்று வாங்கினேன். விடிந்ததும் காரை நகர்த்தாமல் நாலுக்கும் முப்பத்துமூன்று வைத்தேன். மதியம் எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்கக் கை துடித்தது. மனைவி கேஜை அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் விடியும் நேரத்தில் மகளுக்கு வலி கண்டது. நான் நேரே அடுக்களைக்கு ஓடி அரிசிக்குள் கையை விட்டேன்.

“என்ன செய்யுதிய?” என்றாள் மனைவி.

“ஒரே ஒரு தடவை பாத்துக்கிடுதேன்.”

வாசலில் காரைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளுக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. “அன்னைக்குக் காலைல வச்சீங்கல்லா? அது அப்படியேதான் இருக்கும். வண்டிய எடுங்கப்பா.”

எடுத்தேன். கல்லிடைக்குறிச்சியில் ஆற்றின் மேல் பனி புகையாக நின்றது. மனைவி சீக்கிரம் போகச் சொன்னாள். மகள் பையப் போகச் சொன்னாள். ஏறி இறங்கிய ஒவ்வொரு பள்ளத்திலும் கார் வழுக்கிக்கொண்டு போவதுபோல் மெத்தென்று போனது. சேரன்மகாதேவி தாண்டியபோது, டயரைப் பற்றி வெகுநேரமாக நினைக்கவே இல்லை என்பது தெரிந்தது. பேட்டையைக் கடக்கையில் நன்றாக வெயில் வந்துவிட்டது.

பத்து மணிக்குப் பேத்தி பிறந்தாள். துணியில் சுற்றி நர்ஸ் என் கையில் கொடுத்தார். “கெட்டியாப் பிடிங்க தாத்தா, ஒண்ணும் ஆவாது” என்றார். என்னைத் தாத்தா என்று முதலில் கூப்பிட்டது அவர்தான்.

“இங்க குடுங்க. நீங்க முழிக்கிற முழியப் பாத்தா பிள்ளை பயந்துரும்” என்று மனைவி கையை நீட்டினாள்.

நான் கொடுக்கவில்லை.