வெட்டாமல் கொடுக்கும் பிரெட்

1

ஸ்டெல்லா அக்கா என் கேட்டைத் தட்டிய விதத்திலேயே ஏதோ தப்பு என்று தெரிந்தது. அவருடைய மகள் ரூத்துக்குக் கோதுமையில் உள்ள க்ளூட்டன் ஆகாது. துளி உள்ளே போனாலும் படுத்துவிடுவாள். அவளைப் போன்றவர்களுக்காகத்தான் பிஜித் தீவில், நசினு ஊரில், என் வீட்டுச் சமையலறையில் கோதுமை இல்லாத பிரெட் சுட்டு வந்தேன்.

"பிள்ளைக்கு நேத்துலேர்ந்து வாந்தி, வயித்தால போகுது. படிச்ச பொண்ணுன்னு உன்ன நம்பினேனே சுசீலா!"

அந்தச் சொல்தான் சுட்டது. லோவுவில் கரும்பு வெட்டும் குடும்பம் எங்களுடையது. அதில் முதலில் படித்தவள் நான். சுவாவில் உணவுத் தொழில் படித்தேன். கசாவா என்னும் மரவள்ளிக் கிழங்கு மாவும் அரிசி மாவும் கலந்து, பிடிப்புக்கு இசப்கோல் உமி போட்டு, இட்லி மாவுப் பதத்தில் டின்னில் ஊற்றுவேன். "மலச்சிக்கல் மருந்தையா பிரெட்ல போடற?" என்று அண்ணன் சிரிப்பான். அதே அண்ணன்தான் வீட்டில் கோதுமை ரொட்டி சுடும் கல்லைப் பின்புறக் கொட்டகைக்கு மாற்றினான். கோதுமை மாவு என் வாசற்படி தாண்டுவதில்லை. பிறகு எப்படி?

"எங்க வாங்கினீங்க அக்கா?"

"ராஜு மாமா பேக்கரிலதான். நல்லா மெல்லிசா வெட்டிக் குடுத்தாரு."

2

ராஜு மாமாவிடம் நான் முன்பு வேலை பார்த்தேன். இந்தியர் கடைகளை உடைத்த அந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அவருடைய பேக்கர்கள் ஒவ்வொருவராக நாட்டை விட்டுப் போனார்கள். அவருக்கும் நியூசிலாந்தில் ஆக்லாந்து போகப் பேப்பர் வந்திருந்தது. என் பிரெட்டைப் பிரிக்காமல் விற்கச் சொல்லித்தான் அவர் கடையில் கொடுத்திருந்தேன்.

நேரே கடைக்குப் போனேன். கியூ நின்றது. கோதுமை பிரெட்டை வெட்டியபடி ஸ்லைசர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, என் பிரெட்ட இதுலயா வெட்டினீங்க?"

"கஸ்டமர் கேட்டா, வெட்டினேன். பிளேடுதானே, விஷமா? எங்க காலத்துல எவனுக்கு இந்த வியாதி இருந்துச்சு?"

ஸ்லைசரை நிறுத்தி, அடியில் இருந்த டிரேயை இழுத்துக் கவுண்டரில் வைத்தேன். கோதுமைத் தூள் குவிந்திருந்தது.

"இதத்தான் அந்தப் பிள்ள தின்னுச்சு."

"அரே!" என்றார் கியூவில் ஒருவர். மாமா குரலைத் தாழ்த்தினார்.

"சத்தம் போடாத பொண்ணு. அடுத்த வாரம் நான் பிளேன் ஏறிடுவேன். யாரு என்னக் கேக்கப் போறா?"

போகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கலவரத்தில் அவர் கடைக் கண்ணாடியும் உடைந்தது. ஆனால் பிளேன் டிக்கெட் எடுத்துவிட்டால் செய்ததற்குப் பதில் சொல்ல வேண்டாமா? அவர் போன பிறகும் ஜனங்கள் என் கேட்டைத்தானே தட்டுவார்கள்?

"நான் கேக்கறேன். இப்பவே வாங்க மாமா."

கியூ முழுவதும் அவரையே பார்த்தது. வந்தார்.

3

ஸ்டெல்லா அக்கா வீட்டுப் படியில் அவரை நிறுத்தினேன். "ஏப்ரனக் கழட்டுங்க. அதுலயும் மாவு."

கழற்றி வேலியில் போட்டார். உள்ளே போய், "என் தப்புதான் தங்கச்சி. இவ சொல்லித்தான் குடுத்தா. நான்தான் கேக்கல" என்றார்.

அக்கா அவரை விட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்து, "நீயும் போயிடுவியா?" என்றார்.

படித்தவள் என்றாலே எல்லோரும் கேட்ட கேள்விதான் அது. "இல்லக்கா. நீங்க வந்து கேக்கற தூரத்துலதான் இருப்பேன்" என்றேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பெண்களுக்குச் சொல்கிறேன்: மாவு சுத்தமாக இருந்தால் போதாது. சாப்பிடுகிறவர் வாய்க்குப் போகும் வரை பிரெட் உங்கள் பொறுப்பு. அன்றிலிருந்து நான் கடைக்குக் கொடுப்பதில்லை. முழு பிரெட்டாக, கையில் கொடுக்கிறேன். அவரவர் வீட்டில், அதற்கென்று வைத்த கத்தியில் வெட்டிக்கொள்கிறார்கள்.

உடம்பு தேறியதும் ரூத்தே வந்து கேட்டில் நின்றாள். சூட்டோடு வெட்டினால் நடுவில் களியாகிவிடும், ஆறட்டும் என்றேன்.

"நிக்கறேன்" என்றாள்.