லேபிள் உரிக்காத பாட்டில்

சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு அவள் தைலக்கா. சொந்தப் பெயரைக் கேட்டால் அவளே ஒரு கணம் யோசிப்பாள். தேங்காய் எண்ணெயைச் சுட வைத்து, அடுப்பை அணைத்து, ஆறவிட்டுத்தான் கற்பூரத்தைக் கரைப்பாள்; நெருப்புக்குப் பக்கத்தில் கற்பூரத்தைக் கொண்டுபோக அவளுக்கென்ன பைத்தியமா? தோளோ இடுப்போ பிடித்துக்கொண்டால் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். "தேய்க்க மட்டும். புண்ணுல படக் கூடாது, வாய்க்குப் போகவே கூடாது" என்று ஒருவர் விடாமல் சொல்லி அனுப்புவாள். வாய் மட்டும் ஜாக்கிரதையாக இருந்து என்ன பயன்?

அன்று மதியம் காலி பாட்டில்களைக் கழுவ உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. பழைய பாட்டில் என்றால் லேபிளை உரித்துவிட்டுத்தான் தைலம் ஊற்றுவாள். காலையில் மூட்டை தூக்கும் நெட்டையன் அவசரப்படுத்தினான் என்று ஒன்றை அப்படியே நிரப்பிக் கொடுத்திருந்தாள். அது இருமல் மருந்து பாட்டில். அவனுடைய இரண்டு வயது மகளுக்கோ நாலு நாளாக இருமல்.

லாரியடியில் நின்றவனைப் பிடித்து உலுக்கினாள். "தம்பி, அந்த பாட்டில் எங்க?"

"வீட்டு அலமாரியில வச்சேன்கா. ஏன், என்னாச்சு?"

விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் செத்துப்போனது. மனைவிக்குப் போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இருவரும் தலைதெறிக்க ஓடினார்கள்.

நெட்டையனின் மனைவி கையில் ஸ்பூனோடு நின்றாள். "இப்பதான் ஒரு ஸ்பூன் கொடுத்தேன். மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டே முழுங்கிட்டா."

கொடுத்தது கற்பூரத் தைலம் என்று தெரிந்ததும் அவள் உப்பு டப்பாவை எடுத்தாள். "உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறேன்!"

தைலக்கா டப்பாவைப் பிடுங்கினாள். "ஐயோ வேண்டாம்மா! வலிப்பு வந்தா மூச்சுக்குழாயில போயிடும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கு!"

ஆட்டோவிலேயே குழந்தையின் கைகால் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. தைலக்காவுக்கு உயிரே கையில் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டு முடிப்பதற்குள், "கற்பூரத் தைலம், ஒரு ஸ்பூன். நான் கொடுத்த பாட்டில்தாங்க, தப்பு என்னோடது" என்று உடைந்து அழுதாள்.

ஊசி போட்ட பிறகு வலிப்பு நின்றது; பொழுது சாயும்வரை மறுபடி வரவில்லை. "இனி பயமில்லை. ஆனா நாளைக்கு வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்" என்றார் டாக்டர். குழந்தை அசந்து தூங்கியது. போன உயிர் திரும்பியதுபோல இருந்தது தைலக்காவுக்கு. மெல்லக் கட்டிலருகே போய், பிஞ்சுத் தலையைத் தடவக் கை நீட்டினாள்.

தாய் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"தொடாதீங்கக்கா. உங்க கையில அதே வாசனை."